தூக்கியாச்சுப் பாட்டு: தோற்றமும் வளர்ச்சியும்

அந்தச் சட்டைக் கம்பெனியில் ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். ஆண்கள் வாசலில் காவலாளி உட்கார்ந்திருப்பான். போகிறவர்களைப் பார்த்துத் தலையாட்டுவான். பெண்கள் வாசலில் காவலாளி நின்றுகொண்டிருப்பாள். போகிறவர்களைத் தடவிப் பார்ப்பாள். பெண்கள் பொத்தானையும் நூல்கண்டையும் திருடிக்கொண்டு போவார்கள் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. ஆண்கள் திருட மாட்டார்கள் என்பதும் அதே நிர்வாகத்தின் நம்பிக்கைதான். நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்பது பண்பில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை.

கட்டிங் மாஸ்டர் தினமும் ஆண்கள் வாசல் வழியாக வெளியே வந்து, பெண்கள் வாசலுக்கு எதிரே சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் மனைவிக்காகக் காத்து நிற்பார். அவள் காஜா மிஷினில் இருந்தாள். சட்டையில் பொத்தான் நுழையும் துளையை வெட்டி ஓரம் தைக்கிற வேலை. அதனால் கம்பெனியில் எல்லாருக்கும் அவள் காஜாக்கா. மாஸ்டர் பயந்த சுபாவம். அடுக்கடுக்காக விரித்த துணியை ஒரே இழுப்பில் வெட்டுவார். மேனேஜர் எதிரில் ஒரு பேச்சை வெட்டிப் பேச மாட்டார். அந்தக் குடும்பத்துக்கு வேண்டிய வாய் முழுவதையும் மனைவியே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பெண்கள் வாசல் காவலாளிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. 'கையைத் தூக்கு, திரும்பு' என்று சொல்ல முடியாமல் சைகை காட்டினாள். சைகை புரியாமல் வரிசை தடுமாறியது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான்.

"நீ தொண்டையக் கெடுத்துக்காத. சொல்ற வேலைய நான் பாக்குறேன். தடவுற வேலைய மட்டும் நீ பாரு" என்றாள் காஜாக்கா. வரிசைக்கு முன்னால் வந்து நின்று, சந்தையில் கூவி விற்பவளைப் போல ஆரம்பித்தாள்.

"வலது கையத் தூக்கு!"

"தூக்கியாச்சு!" என்றது வரிசை.

"உள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல!"

"இடது கையத் தூக்கு!"

"தூக்கியாச்சு!"

"உள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல!"

"சுத்திக் காட்டு!"

"சுத்தியாச்சு!"

"மிச்சம் என்ன?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று வரிசை யோசித்தபோது, இஸ்திரிப் பகுதியின் ஒல்லிப் பெண் ஒருத்தி கீச்சுக் குரலில் கத்தினாள்: "எலும்புதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். காவலாளியும் சத்தம் வராத தொண்டையால் சிரித்தாள். அன்றைக்கு ஒருத்தியும் பஸ்ஸைத் தவறவிடவில்லை.

காவலாளிக்குத் தொண்டை சரியான பிறகும் பாட்டு நிற்கவில்லை. தடவப்படுவதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்பதைவிடப் பாடிக்கொண்டு நிற்பது கொஞ்சம் தேவலாம் போலிருந்தது. பெண்கள் அதைப் பஸ்ஸிலும் பாடினார்கள். பஸ்ஸில் கேட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மைதானத்தில் வட்டம் கட்டிப் பாடினார்கள். பிள்ளைகளிடமிருந்து பெற்றோர் கற்றார்கள். சீக்கிரமே கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் பெண்ணின் தாய்மாமனும் எதிரெதிரே நின்று கை தூக்கிச் சுற்றினார்கள். ஒரு வங்கியின் ஆண்டு விழாவில் மேலாளர் "உள்ள என்ன?" என்று கேட்க, ஊழியர்கள் எல்லாரும் உற்சாகமாக "ஒண்ணுமில்ல!" என்று கத்தினார்கள்; மறுநாள் சில வாடிக்கையாளர்கள் விசாரிக்க வந்தார்கள். இந்த ஆட்டத்துக்குக் குரல் வேண்டாம், தாளம் வேண்டாம், வெட்கம் இல்லாதிருந்தால் போதும். அந்தத் தகுதி உள்ளவர்கள் நாட்டில் நிறைய இருந்ததால் பாட்டு காட்டுத்தீயாகப் பரவியது.

பாட்டு இப்படி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தபோது, பிறந்த இடத்தில் ஒரு காரியம் நடந்தது. இஸ்திரிப் பகுதியின் அந்த ஒல்லிப் பெண்ணை, அவளுடைய மாதவிலக்கு நாளில், வாசல் சோதனையில் 'எதையோ மறைத்து வைத்திருக்கிறாய்' என்று ஓரமாக அழைத்துப் போனார்கள். மறைத்திருப்பதை எடுத்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினாள். அவள் வெளியே வந்தபோது வரிசையில் ஒருவரும் பாடவில்லை.

மறுநாள் காஜாக்கா பத்துப் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். வாசல் சோதனையைத் தடை செய்ய வேண்டும் என்று புகார் கொடுத்தாள். அலுவலர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டு, விசாரணைக்கு நாள் குறித்தார். அதற்கடுத்த நாள் மேனேஜர் காஜாக்காவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"புகார் குடுத்ததுக்கா சார்?"

"சேச்சே. புகார் குடுத்ததுக்கு வேலைய விட்டு எடுத்தா சட்டப்படி தப்பும்மா. நாங்க சட்டத்த மதிக்கிறவங்க. நீ பாட்டுப் பாடுனதுக்கு."

மாஸ்டர் அப்போது பக்கத்து அறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. அவர் போய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று அவர் வெட்டிய சட்டைகளில் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் வந்தன.

காஜாக்கா வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரின் கிழிசல்களைத் தைத்துக்கொண்டு விசாரணை நாளுக்காகக் காத்திருந்தாள். "வேலை போனா போகட்டும். வர்ற விசாரணையில அந்தக் கேட்டுச் சோதனைக்கு ஒரு வழி பண்ணிட்டா போதும்" என்று கணவனிடம் சொன்னாள். மாஸ்டர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்தக் கட்டத்தில்தான் மரபுக் கலைப் பேரவை விழித்துக்கொண்டது.

பேரவைக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஓர் ஆய்வாளர், குளிரூட்டிய அரங்கம் ஒன்று. நாட்டின் மரபுகளைப் பாதுகாப்பது அதன் வேலை. பாதுகாக்கப்பட்ட மரபுகள் எல்லாம் செத்து வெகுகாலமாகிவிட்டிருந்ததால் பேரவைக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. இப்போது திடீரென்று, தெருவில் உயிரோடு ஒரு பாட்டு ஓடித் திரிவதாகத் தகவல் வந்தது. உடனே அதைப் பிடிக்க ஏற்பாடுகள் தொடங்கின. தூக்கியாச்சுப் பாட்டின் தோற்றமும் வளர்ச்சியும் என்ற தலைப்பில் ஒரு கருத்தரங்கும், அதன் முடிவில் மாபெரும் பங்கேற்பு விழாவும் அறிவிக்கப்பட்டன. பேரவையின் புரவலர் சட்டைக் கம்பெனியின் முதலாளி. எனவே விழா உடைகளைத் தைக்கும் பொறுப்பு கம்பெனிக்கு வந்தது. கருத்தரங்கு நடக்கும்போதே அளவெடுக்கக் கட்டிங் மாஸ்டரை அனுப்பினார்கள்.

மாஸ்டர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அரங்கத்தின் ஓரமாகப் போனார். மேடையிலேயே தலைவருக்கு அளவெடுக்கச் சொன்னார்கள்; அவருக்கு நேரம் பொன்னானது.

"கையத் தூக்குங்க ஐயா" என்றார் மாஸ்டர் மெதுவாக.

தலைவர் வலது கையைத் தூக்கிக்கொண்டே முழங்கினார்: "ஆதி மனிதன் காலையில் எழுந்தான். கிழக்கே சூரியனைக் கண்டான். வலது கையைத் தூக்கினான். இதுதான் இந்தப் பாடலின் தோற்றம். மாலையில் மேற்கே பார்த்தான். இடது கையைத் தூக்கினான். இதுதான் வளர்ச்சி. இதை நான் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை, உணர்ந்தேன். ஆராய்ந்தால் தவறு வர வாய்ப்புண்டு."

கைதட்டல். செயலாளர் எழுந்து, "அந்தக் காலத்தில் அரண்மனைக்குள் நுழையும் வீரர்கள் தங்களிடம் ஆயுதம் இல்லை என்று காட்டிய பெருமிதமே இந்த ஆட்டம்" என்றார். கழுத்தில் ஒலிப்பதிவுக் கருவி தொங்கவிட்டிருந்த ஆய்வாளர் இரண்டையும் மறுத்தார். "'உள்ளே என்ன? ஒன்றுமில்லை.' இதைவிடப் பெரிய தத்துவம் உலகில் இருக்கிறதா? பிரபஞ்சமே வெறுமை என்று பாமரன் பாடுகிறான். அவனுக்கே அது தெரியாது. தெரியாததால்தான் அவன் பாமரன். தெரிந்ததால்தான் நான் ஆய்வாளன்."

மூவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மாஸ்டர் தலைவரின் இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தபடி நின்றார். அவருக்குத் தலை சுற்றியது. இவ்வளவு படித்தவர்கள் ஒரு சின்ன விஷயம் தெரியாமல் இப்படித் தொண்டை வற்றக் கத்துகிறார்களே என்று இரக்கமாக இருந்தது. தவிர, மனைவியின் பேர் இந்த இடத்தில் ஒரு தடவை ஒலித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. ஆயுளில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே அவர் வாயைத் திறந்தார்.

"ஐயா, அது எங்க வீட்ல பாடுனதுங்க."

மூவரும் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். ஆய்வாளர் கருவியை ஓடவிட்டார். "உங்க வீட்டுலயா? எத்தனை தலைமுறையா?"

"தலைமுறை இல்லீங்க. எங்க வீட்ல... என் சம்சாரம். கம்பெனி கேட்ல சோதனை போடுறப்ப பாடுனாங்க."

தலைவர் குனிந்து மாஸ்டரைப் பார்த்தார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளியையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "அந்த அம்மாவை நாம் சந்திக்க வேண்டும்" என்றார்.

பேரவை காஜாக்காவின் வீட்டுக்கு வந்தது. ஒற்றை அறையில் மூன்று பெரிய மனிதர்களும் உட்கார இடமில்லாமல், தலைவர் நாற்காலியிலும், செயலாளர் கட்டிலிலும், ஆய்வாளர் தையல் மிஷின் ஸ்டூலிலும் உட்கார்ந்தார்கள். காஜாக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். மாஸ்டர் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

"இந்த 'வலது கையத் தூக்கு' என்கிற வாசகத்தை நீங்க யார்கிட்ட கேட்டீங்க?" என்றார் ஆய்வாளர்.

"கேட்டுல நிக்கிற பொம்பளகிட்ட."

"அவங்க யார்கிட்ட கேட்டாங்க?"

"மேனேஜர் சொல்லிக் குடுத்திருப்பாரு."

"மேனேஜர்?"

"முதலாளி சொன்னதுதான்."

"முதலாளி யார்கிட்ட...?"

"அவரு அப்பா காலத்துலயே சோதனை உண்டும்பாங்க. எனக்கென்ன தெரியும்? போய் அவரையே கேளுங்க."

ஆய்வாளருக்கு உடம்பு புல்லரித்தது. "வாய்மொழியா, அப்பாகிட்டேர்ந்து பிள்ளைக்கு! ஐயா, இது பரம்பரை! பரம்பரையேதான்!"

"என்னய்யா பரம்பரை?" என்றாள் காஜாக்கா. "எங்களத் தடவுனாங்க. அசிங்கமா இருந்துச்சு. அதுக்குப் பாடுனோம். இதுல சூரியன் எங்க வந்துச்சு, சந்திரன் எங்க வந்துச்சு?"

தலைவர் தகப்பனைப் போலச் சிரித்தார். "அம்மா, கோபப்படாதீங்க. ஆசிரியர் உயிரோட இருந்தா அது வெறும் பாட்டு. ஆசிரியர் இல்லைன்னாதான் மரபு. உங்க பாட்டு மரபாகணும்னு நாங்க ஆசைப்படுறோம். அதனால, நீங்க ஆசிரியர் இல்லை."

"நான் உயிரோட இருக்கறது உங்களுக்கு அவ்வளவு இடைஞ்சலா?"

"சின்ன இடைஞ்சல்தான். சமாளிச்சுடலாம்."

சமாளித்துவிட்டார்கள். ஆய்வாளர் முதலாளியைப் பேட்டி எடுத்தார். அவர் தம் தந்தையார் வாசலில் நின்று தாமே அந்த வாசகங்களைச் சொல்லி மகிழ்ந்ததை நினைவுகூர்ந்து கண் கலங்கினார். கருத்தரங்கின் முடிவில் தலைவரின் சூரியன், செயலாளரின் அரண்மனை, ஆய்வாளரின் வெறுமை மூன்றையும் ஒன்றாகக் கலந்து, தூக்கியாச்சுப் பாட்டு பாதுகாக்கப்பட்ட தொன்மையான பங்கேற்பு மரபு என்று அறிவித்தார்கள். பெண்கள் வாசல் அந்த மரபின் பிறப்பிடம் என்று அங்கே ஒரு பித்தளைப் பலகை அடிக்கப்பட்டது. 'எலும்புதான்' என்ற சொல் சபையில் சொல்லத்தக்கது அல்ல. அது பிற்காலத்தில் யாரோ புகுத்திய இடைச்செருகல் என்று கண்டுபிடித்து நீக்கினார்கள். அந்த இடத்தில் மூலப் பாடமாக இருந்திருக்க வேண்டிய 'இன்பமே' வைக்கப்பட்டது. கையை எவ்வளவு உயரம் தூக்குவது என்பதற்குப் பயிற்சியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பழைய மாதிரி ஆடிய பிள்ளைகளை விசில் ஊதி நிறுத்தினார்கள்.

மாஸ்டர் இவற்றையெல்லாம் பத்திரிகையில் பார்த்து உள்ளூரச் சந்தோஷப்பட்டார். 'எப்படியோ, நம்ம வீட்டுப் பாட்டு' என்று நினைத்தார். விசாரணை நாள் வரும்வரை அந்தச் சந்தோஷம் நீடித்தது.

விசாரணைக்குக் காஜாக்கா தன்னிடமிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். ஒல்லிப் பெண் மட்டும் துணிந்து வந்திருந்தாள். மாஸ்டர் விடுப்புச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கம்பெனி வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்தார்.

"ஐயா, எங்கள் கம்பெனியில் பெண்களை யாரும் சோதிப்பதில்லை. வேலை முடிந்து போகும்போது அவர்கள் ஒரு தொன்மையான நடனத்தில் பங்கேற்கிறார்கள். காவலாளி என்று சொல்லப்படுகிறவர் உண்மையில் உடன் ஆடுபவர். பேரவையின் அறிவிப்பு இதோ."

"ஆடாம வெளிய போகலாமா?" என்று கேட்டாள் காஜாக்கா.

வக்கீல் வருத்தத்தோடு தலையசைத்தார். "இது பங்கேற்பு நடனம் அம்மா. பங்கேற்காமல் போனால் அது எப்படிப் பங்கேற்பு நடனமாக இருக்கும்?"

அலுவலர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சோதனைன்னா நான் நிச்சயமா தடுத்திருப்பேன்மா. இது மரபுன்னு ஆயிடுச்சு. மரபு மேல கை வைக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"எங்க மேல கை வைக்க மட்டும் அவங்களுக்கு அதிகாரம் இருக்கா?"

அலுவலர் கோப்பின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "தவிர, நீங்க இப்ப அந்தக் கம்பெனியில இல்ல. உள்ள இருக்கறவங்கதான் புகார் குடுக்க முடியும். அந்தப் பொண்ணு வேணா தனியாக் குடுக்கட்டும்" என்றார். ஒல்லிப் பெண் வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் காஜாக்கா சேலையை மாற்றிக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். தைக்கவில்லை.

"உங்கள யாரு பேரவையில போய் வாயத் தொறக்கச் சொன்னா?" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"உன் பேரு வரட்டுமேன்னு..."

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து தொறக்காத வாயி. மேனேஜர் என்னை வெளிய போன்னு சொன்னப்பவும் தொறக்கல. தொறக்கக் கூடாத ஒரே இடத்துல போய்த் தொறந்திருக்கு. அந்தப் பொண்ணு இன்னிக்கு வந்து உக்காந்துச்சே, அது மூஞ்சியப் பாத்தீங்களா?"

மாஸ்டர் பார்த்திருந்தார். அன்று அவர் சமைத்தார், அவள் சாப்பிடவில்லை, அவரும் சாப்பிடவில்லை. பானையில் சோறு அப்படியே இருந்தது.

பேரவையிலிருந்து விழாவுக்கு அழைப்பு வந்தது. பாட்டைக் காதால் கேட்டவர்களில் மூத்தவர் என்ற முறையில் காஜாக்கா மேடையேற வேண்டும், பாட்டைத் தொடங்கிவைக்க வேண்டும். மாஸ்டர் அதை அவளிடம் சொல்லவே பயந்தார். அவளோ நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "மைக்கு குடுப்பாங்கல்ல?" என்று கேட்டாள்.

"குடுப்பாங்க."

"அப்ப வரேன்னு சொல்லுங்க."

ஒத்திகையில் பயிற்சியாளர் அவளைக் கை தூக்கச் சொன்னார். தூக்கினாள். "தப்பும்மா. நீங்க காரியமாத் தூக்குறீங்க. கலையாத் தூக்கணும்" என்றார். பல தடவை முயன்றும் கலை வரவில்லை. பயிற்சியில் அவள் தேறவில்லை என்று முடிவு செய்தார்கள். ஆனாலும் அழைப்பு அச்சாகிவிட்டதால் மன்னித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

விழா மைதானத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வட்டம் வட்டமாக ஜனங்கள். பள்ளிகள், அலுவலகங்கள், மருத்துவமனைகள் எல்லாவற்றிலிருந்தும் ஆட்களை அழைத்து வந்திருந்தார்கள். தாமாக விரும்பிப் பங்கேற்கிறார்களா என்று வருகைப் பதிவு எடுக்கப்பட்டது. மாஸ்டர் அளவெடுத்த கோட்டில் தலைவர் பளபளத்தார். "நம் முன்னோர்கள் எதையும் மறைக்கவில்லை. ஏனென்றால் அவர்களிடம் எதுவும் இல்லை. எதுவும் இல்லாதவர்கள் பாடுகிறார்கள், இருப்பவர்கள் பாதுகாக்கிறோம். இந்த வேலைப் பிரிவினை என்றென்றும் நீடிக்க வேண்டும்!" என்று அவர் சொன்னபோது, முதல் வரிசையில் பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

காஜாக்காவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இது பாட்டே இல்லீங்க. சாயங்காலம் எங்க கேட்ல என்ன நடக்குதுன்னா..."

மைக் நின்றது. ஒலி அமைப்பில் சிறு கோளாறு என்று செயலாளர் வேறு மைக்கில் அறிவித்தார். அந்த மைக்கில் கோளாறு இல்லை. உடனே ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாட்டு கிளம்பியது. "வலது கையைத் தூக்கு!" ஆயிரக்கணக்கான கைகள் உயர்ந்தன. மேடையில் தலைவர் தூக்கினார், முதலாளி தூக்கினார், வக்கீல் தூக்கினார். நடுவில் காஜாக்கா இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றாள். "சுத்திக் காட்டு" என்றபோது மைதானமே சுற்றியது. அவள் அசையவில்லை. மைதானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர், தன் கையும் பாதி உயர்ந்திருப்பதைக் கண்டு கீழே இறக்கிக்கொண்டார்.

ஜனங்கள் அவளைக் கவனித்துவிட்டார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் ஒரு கணம் திகைத்தார். ஆனால் அவர் சாதாரணத் தலைவர் அல்ல.

"பார்த்தீர்களா!" என்று மைக்கைப் பிடித்தார். "வட்டத்தின் நடுவே அசையாமல் நிற்கும் பெண்! உலகமே சுழன்றாலும் தான் சுழலாத தூண்! இந்த ஆட்டத்தில் மறைந்துபோன பகுதி இது. இன்று நம் கண் முன்னே மீண்டும் தோன்றியிருக்கிறது!"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. ஆய்வாளர் ஓடிவந்து அவள் நிற்கும் நிலையைப் படம் பிடித்தார். அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் அசையாப் பெண் நிற்க வேண்டும், அதற்குத் தனிப் பயிற்சி உண்டு என்று மேடையிலேயே தீர்மானமாயிற்று. முதலாளி உணர்ச்சிவசப்பட்டு, இந்த மரபின் தூணைத் தம் கம்பெனி கைவிடாது, நாளையே அவர் மறுபடி வேலைக்கு வரலாம் என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாஸ்டர், "போகப் போறியா?" என்று கேட்டார்.

"போவேன். உள்ள இருக்கறவங்கதான் புகார் குடுக்க முடியும்னு அந்த ஆபீசர் சொன்னாருல்ல. உள்ள போறேன்."

"மரபுன்னுட்டாங்களே, எப்படிக் குடுப்ப?"

"நின்னு குடுக்குறேன். மேடையில நின்னாப்புல. தூக்கலேன்னா என்ன பண்ணுவாங்க?"

மறுநாள் அவள் காஜா மிஷினில் உட்கார்ந்தாள். பகல் முழுவதும் பெண்கள் அவளைச் சாடையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் மணி அடித்தது. பெண்கள் வாசலில் இப்போது ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். பித்தளைப் பலகைக்குக் கீழே ஆய்வாளர் கருவியோடு உட்கார்ந்திருந்தார். மரபைப் பிறப்பிடத்திலேயே பதிவு செய்ய வந்திருந்தார். மாஸ்டர் கொட்டகையில் நின்று பார்த்தார்.

காஜாக்காவின் முறை வந்தது. "வலது கையைத் தூக்கு!" என்றது ஒலிபெருக்கி. அவள் தூக்கவில்லை.

காவலாளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "யக்கா, நிக்கிறதெல்லாம் மேடையிலதான். இங்க தூக்கணும். நீ தூக்கலேன்னா பின்னாடி ஒருத்தியையும் விடக் கூடாதுன்னு எனக்கு ஆர்டர். பஸ்ஸு நிக்குது பாரு."

காஜாக்கா திரும்பிப் பார்த்தாள். வரிசை நீளமாக இருந்தது. ஒல்லிப் பெண் அதில் எங்கோ நின்றாள். சிலர் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காஜாக்கா வலது கையைத் தூக்கினாள். காவலாளி தடவினாள். இடது கையைத் தூக்கினாள். தடவினாள்.

"உள்ளே என்ன?" என்றது ஒலிபெருக்கி.

வரிசையிலிருந்து ஒரு சத்தமும் எழவில்லை. அடுத்தவள் வந்தாள்; அவளும் பாடவில்லை. அதற்கடுத்தவளும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்திகூடப் பாடாமல், முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, கையை மட்டும் தூக்கி இறக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கேள்வியையும் பதிலையும் ஒலிபெருக்கியே சொல்லிக்கொண்டது.

ஆய்வாளர் துள்ளி எழுந்தார். "அற்புதம்! இது மௌனப் பாடம்! இதுவரைக்கும் யாரும் பதிவு செய்யாதது!" பிறகு கருவியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, ஆரம்பம் பதிவாகலையே. வெளிய போனவங்க எல்லாரும் தயவுசெஞ்சு உள்ள வாங்க. முதல்லேர்ந்து ஒரு தடவை. இதே மாதிரி யாரும் பாடாம வரணும்."

மேனேஜர் ஜன்னலிலிருந்து, "எல்லாரும் உள்ள போங்க" என்று கத்தினார். காவலாளி கேட்டை அகலத் திறந்தாள். வெளியே வந்துவிட்ட பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பி உள்ளே நடந்தார்கள். காஜாக்காவும் போனாள். போகும்போது ஒரு தடவை கொட்டகைப் பக்கம் பார்த்தாள்.

பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

மாஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓடினார். சாலையின் நடுவில், பஸ்ஸுக்கு நேர் எதிரே போய் நின்று இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார். பஸ் குலுங்கி நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். திட்டப் போகிறவன், தூக்கிய கைகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "என்னண்ணே, நடு ரோட்டுலயே ஆரம்பிச்சிட்டீங்களா?"

"கொஞ்சம் பொறுங்க. உள்ள பொம்பளைங்க இருக்காங்க" என்றார் மாஸ்டர்.

"உள்ள என்ன?" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். பஸ் முழுவதும் "ஒண்ணுமில்ல!" என்றது. ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டு தகரத்தில் தாளம் போட்டன. குழந்தைகள் எட்டிப் பார்த்துக் கும்மாளமிட்டன. "சுத்துங்கண்ணே, சுத்துங்க!" என்று ஒருவன் கத்தினான்.

மாஸ்டர் சுற்றவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. வாசலில் வரிசை மறுபடி மெதுவாக நகரத் தொடங்கியிருந்தது. தோள் வலித்தது. கடைசிப் பெண் வெளியே வந்து பஸ்ஸில் ஏறும்வரை அவர் கைகளை இறக்கவில்லை.